எடுத்த பின்னர்க் குவிக்கும் காமிரா

இராஜபாளையத்தினின்று தென்காசிப் பெருவழியில் தெற்கே செல்வோர் சேத்தூரைக் கடந்தபின் தேவதானம் என்னும் ஊரை அடைவர். மேற்கே மலைத்தொடர்; அதன் அடிவாரத்தில் வயலும் தோப்பும்; அப்பக்கத்தே நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில். தென்பாண்டி நாட்டில் ஐம்பூதத் தலங்கள் என ஐந்தனைக் கூறுவர். சங்கரன்கோயில் மண்; தாருகாபுரம் நீர்; கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு; தென்மலை காற்று; தேவதானம் வான். ஒளியைப் பற்றி எழுதப் புகுந்த நாம் வானத்தின் தலத்தில் தொடங்குவது தற்செயலே. எனினும், நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய பிழை நேர்ந்தது அவ்வூரிலேதான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலருடன் அங்குச் சென்றிருந்தோம். ஓய்வு பெற்றிருந்த நம் தமிழாசிரியர் ஐயா அவர்கள், முதுமையையும் பொருட்படுத்தாது, எங்களுடன் வந்தார்கள். மாலை வேளை, வெயில் மலைக்குப் பின் இறங்கிக்கொண்டிருந்தது. கோபுரம் பின்னே தெரியுமாறு ஐயாவை நிறுத்திப் படமொன்று எடுத்தோம். காமிராவின் முதுகிலிருந்த சிறு திரையில் அது குறையின்றித் தோன்றிற்று. வீட்டிற்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபொழுதோ, கோபுரத்துச் சுதை உருவங்களின் விரல்கள்கூடத் தெளிந்து நின்றன. ஐயாவின் முகம் நீரிற் கரைந்த ஓவியம்போல மங்கியிருந்தது. குவியம் கோபுரத்தின்மீது விழுந்துவிட்டது. அதனால் என்ன, மறுமுறை எடுத்துக்கொள்வோம் என்றிருந்தோம். மறுமுறை வாய்க்கவில்லை. அடுத்த ஆண்டே ஐயா மறைந்தார்கள்.

அவர்களுடைய நினைவுக் கூட்டத்திற்குப் படம் தேடியபொழுது மாணவர் ஒருவர், “ஐயா, இதைக் கம்ப்யூட்டரில் இட்டுத் தெளிவாக்க இயலாதா? எடுத்த பிறகு குவியத்தை மாற்றும் காமிராக்கள் உண்டு என்கிறார்களே?” என்று வினவினார். அவர் வினாவில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. முன்னதற்கு விடை, பெரும்பாலும் இயலாது என்பது; பின்னதற்கு விடை, ஆம், உண்டு என்பது. ஒன்று இயலாமைக்கும் மற்றொன்று இயன்றமைக்கும் காரணம் ஒன்றே. அதனைச் சற்று விரித்துரைப்போம்.

இளமையில் பூதக்கண்ணாடியை வெயிலிற் பிடித்துக் காகிதத்தைச் சுட்டுப் பார்த்தவர் பலர் இருப்பர். கண்ணாடியைச் சற்று உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் கூரிய ஒளிப்பொட்டு அகன்று வட்டமாகிவிடும், காகிதம் எரியாது. காமிராவினுள் நிகழ்வதும் அதுவே. ஐயாவின் மூக்குநுனியில் ஒரு புள்ளியைக் கருதுக. அதினின்று புறப்படும் ஒளிக்கதிர்கள் லென்ஸின் முகம் முழுவதும் பரவி வீழ்கின்றன. லென்ஸ் அவற்றை வளைத்துப் பின்புறத்தே மீண்டும் ஒரு புள்ளியிற் கூட்டுகின்றது. அக்கூடுமிடத்தில், முற்காலத்துப் பிலிமோ இக்காலத்துச் சென்சார் என்னும் ஒளியுணர் தகடோ இருந்தால் படம் தெளிவாகும். தொலைவிலுள்ள பொருளின் கதிர்கள் லென்ஸுக்கு அண்மையிலும், அருகிலுள்ள பொருளின் கதிர்கள் சற்று அப்பாலும் கூடும். தகடோ ஒன்று, அஃது ஓரிடத்தில்தான் நிற்க முடியும்.

கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாயிருக்கும். நாம் கொண்டு சென்ற காமிராவின் லென்ஸ் 50 மில்லிமீட்டர் குவிதூரமுடையது. அதன் வாய் 25 மில்லிமீட்டர் அகலம் திறந்திருந்தது. ஐயா 2 மீட்டர் தொலைவில் நின்றார்கள். கோபுரத்தின் பிம்பம் லென்ஸுக்குப் பின் ஏறக்குறைய 50 மில்லிமீட்டரிலும், ஐயாவின் பிம்பம் 51.3 மில்லிமீட்டரிலும் கூடும். இடைவெளி ஒன்றேகால் மில்லிமீட்டரைச் சற்றே கடந்தது. இச்சிறு இடைவெளியால் ஐயாவின் முகத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் தகட்டின்மேல் 0.6 மில்லிமீட்டர் வட்டமாக விரிந்துவிட்டது. தகட்டில் விழுந்த முகமோ 5 மில்லிமீட்டர் உயரந்தான். கண்ணின் நீளம் முக்கால் மில்லிமீட்டர். கண்ணளவுக்கு ஏறக்குறையச் சமமான தூரிகையால் கண்ணை வரையப் புகுந்தால் எங்ஙனம் இருக்கும்? படம் அங்ஙனமே இருந்தது.

லென்ஸின் வாயைச் சுருக்கியிருக்கலாமே என்று அனுபவமுள்ளோர் கூறுவர். உண்மை. 25 மில்லிமீட்டர் வாயை 5 ஆகச் சுருக்கியிருப்பின் மங்கல் வட்டமும் ஐந்திலொன்றாகியிருக்கும். ஆனால் உட்புகும் ஒளி 25இல் ஒரு பங்காகும். ஐம்பதில் ஒரு நொடி திறக்க வேண்டிய இடத்தில் அரை நொடி திறக்க வேண்டும். மலைக்காற்றில் மேல்துண்டு பறக்க, கையிற் பிடித்த காமிரா அசைய, அம்மாலையொளியில் வேறொரு வகையில் படம் கெட்டிருக்கும். கூர்மை வேண்டின் ஒளியை இழக்க வேண்டும். ஒளி வேண்டின் கூர்மையை இழக்க வேண்டும். படம் எடுக்கும் கலை தோன்றிய நாள்தொட்டு இருந்துவரும் இடுக்கண் இது.

இனி, தகட்டில் உண்மையில் இழக்கப்பட்டது யாது என்பதைக் காண்போம். பெருங்கோயில் ஒன்றில் நான்கு வாயில்களும், உள்ளே வரிசையாகப் பல உண்டியல்களும் இருப்பதாகக் கொள்வோம். எவ்வாயில் வழியாக வந்த அடியவரும் காசை உண்டியலில் இடுவர். மாலையில் திறந்து எண்ணினால் ஒவ்வோர் உண்டியலிலும் மொத்தம் எவ்வளவு என்பது தெரியும். எந்தக் காசு எவ்வாயிலார் இட்டது என்பது தெரியாது. பின்னர் ஒருவர் வந்து, “கீழைவாயிலார் அனைவரும் இடம் தவறி, ஓருண்டியல் தள்ளி இட்டுவிட்டனர்; கணக்கைத் திருத்துக” என்றால் என் செய்வது? காசுகள் ஒன்றாய்க் கலந்துவிட்டன, திருத்த வழியில்லை. ஆனால் வாயில்வாரியாகத் தனித்தனிப் பேரேடு வைத்திருந்தால், கீழைவாயிலார் காசை மட்டும் ஓருண்டியல் நகர்த்தி எழுதி, புதிய மொத்தம் கண்டுவிடலாம்.

தகட்டிலுள்ள பிக்ஸல் என்னும் நுண்கட்டம் ஒவ்வொன்றும் ஓர் உண்டியல். லென்ஸின் வலப்பக்கம், இடப்பக்கம், மேல், கீழ் என்பன வாயில்கள். சாதாரணக் காமிரா மொத்தத்தை மட்டும் எழுதிக்கொள்கின்றது; கதிர் எத்திசையிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகின்றது. குவியம் தவறுதல் என்பது, வெவ்வேறு வாயில்வழி வந்த கதிர்கள் வெவ்வேறு உண்டியலில் விழுந்துவிடுதலே. திசை தெரிந்தால் திருத்தலாம். தெரியாதபொழுது ஊகிக்கலாம், அவ்வளவே. நம் படத்தைக் கம்ப்யூட்டர் தெளிவாக்கினால் ஒரு முகம் வரும். அஃது ஐயாவின் முகமா, கம்ப்யூட்டர் தான் கண்ட ஆயிரம் முகங்களினின்று தைத்தெடுத்த முகமா என்பதை யார் சொல்வது? இக்காலத்தில் அத்தகைய திருத்தங்கள் மலிந்துவிட்டன. நாம் அதற்கு உடன்படவில்லை.

திசைவாரிப் பேரேடு வைக்கும் காமிராவின் எண்ணம் பழையது. பிரான்ஸ் தேசத்து அறிஞர் காப்ரியேல் லிப்மான் 1908ஆம் ஆண்டில், ஈயின் கண்போலச் சின்னஞ்சிறு லென்ஸுகள் பல நெருங்கப் பதித்த தகடொன்றைக் கொண்டு படமெடுக்கலாம் எனப் பாரிஸ் அறிவியற் கழகத்தில் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் அது வண்ணப் புகைப்படத்துக்காக, இதற்காக அன்று. ஈயின் கண்ணை வார்க்கும் திறம் அக்காலக் கண்ணாடித் தொழிலுக்கு இல்லை. வெளியெங்கும் எல்லாத் திசைகளிலும் ஓடும் கதிர்களின் தொகுதிக்கு ‘ஒளிப்புலம்’ என்னும் பொருள்படும் பெயரை 1936இல் ருஷிய அறிஞர் கெர்ஷுன் வழங்கினார். 1992இல் அமெரிக்காவில் ஆடெல்சன், வாங் என்னும் இருவர் தகட்டின்முன் நுண்லென்ஸுகளை வைத்த காமிராவைச் செய்து காட்டினர். 1996இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து லெவாய், ஹன்ரஹன் இருவரும் ஒளிப்புலத்தைக் கம்ப்யூட்டரிற் கையாளும் முறையை எளிதாக்கினர். அவர்களிடம் பயின்ற ரென் இங் என்னும் மாணவர் 2005இல் கையிற் பிடிக்கத்தக்க காமிராவாக அதனை ஆக்கினார்.

அக்காமிராவின் அமைப்பை மட்டும் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். கடையில் விற்கும் பெரிய காமிரா ஒன்றை எடுத்து, அதன் தகட்டுக்கு அரை மில்லிமீட்டர் முன்னே ஒரு கண்ணாடித் தட்டைப் பொருத்தினார். அத்தட்டில் வரிசைக்கு 296 வீதம் 296 வரிசைகள், ஆக 87,616 நுண்லென்ஸுகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் எட்டிலொரு பங்கு அகலம். பின்னுள்ள தகட்டில் ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் நுண்கட்டங்கள். ஒரு நுண்லென்ஸின் கீழே குறுக்கும் நெடுக்கும் 14க்குச் சற்றுக் குறைந்த கட்டங்கள் அடங்கும். முன்லென்ஸின் வலப்புறம் வழியாக வந்த கதிர் அவற்றுள் ஒரு கட்டத்திலும், இடப்புறம் வழியாக வந்தது வேறொரு கட்டத்திலும் விழும். வாயில்வாரிப் பேரேடு இதுவே.

இப்பேரேட்டினின்று குவியம் மாற்றுவது எங்ஙனம்? விரலொன்றை முகத்துக்கு முன் நீட்டிக்கொண்டு ஒரு கண்ணையும் பின் மறு கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். பின்னுள்ள சுவர் நிற்க, விரல் இடம் மாறும். அதுபோல, முன்லென்ஸின் ஒவ்வொரு பகுதி வழியாகவும் சிறிதளவு வேறுபட்ட காட்சி கிடைக்கின்றது. அக்காமிராவில் ஒரே நொடியில் ஏறக்குறைய 200 காட்சிகள். அவற்றை ஒன்றின்மேலொன்றாக அடுக்கிக் கூட்டினால் கோபுரம் பொருந்தித் தெளியும். அருகில் நிற்பவர் சிதறி மங்குவர். ஒவ்வொரு காட்சியையும் தக்க அளவு பக்கவாட்டில் நகர்த்தி, முகத்தின்மேல் முகம் பொருந்துமாறு அடுக்கிக் கூட்டினால் முகம் தெளியும், கோபுரம் மங்கும். நகர்த்தும் அளவை மாற்ற மாற்ற, குவியம் அருகிலிருந்து தொலைவிற்கு நடந்து செல்லும். இதில் மாயமும் இல்லை, ஊகமும் இல்லை, கூட்டற் கணக்கே. முன்லென்ஸின் வாயைச் சுருக்காமையால் ஒளியும் இழக்கப்படவில்லை.

விலையில்லாப் பண்டம் உலகில் இல்லை. 1 கோடியே 60 லட்சம் கட்டங்கள் இருந்தும், கிடைத்த படத்தில் 296க்கு 296 புள்ளிகளே. அஞ்சல் தலை அளவிற்கு மேல் பெரிதாக்க இயலாப் படம். திசையை எழுதிவைத்த பேரேட்டில் இடத்தை எழுத ஏடு போதவில்லை. ரென் இங் தொடங்கிய லைட்ரோ என்னும் நிறுவனம் 2012இல் தன் முதற் காமிராவை 399 டாலருக்கு விற்றது; நீண்ட சதுரக் குழல்போன்ற விந்தையான உருவம். 1 கோடியே 10 லட்சம் கதிர்களைப் பதிவதாக விளம்பரம். வெளிவந்த படம் 1080க்கு 1080. அக்காலத்துக் கைப்பேசிகளே அதனின் பன்மடங்கு நுண்மையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. 2014இல் பெரிய காமிரா ஒன்று வந்தது. விலை 1,599 டாலர். வாங்குவோர் திரளவில்லை. 2018இல் நிறுவனமே மூடப்பட்டது.

மூடப்பட்டதற்கு விலையும் நுண்மைக் குறைவும் காரணம் என்பர். நாம் வேறொன்றையும் கூறுவோம். படம் எடுப்போரிற் பலர் எதன்மேல் குவியம் வைப்பது என்பதை எடுக்குமுன்னரே முடிவு செய்ய விரும்புவர். எடுத்தபின் முடிவு செய்யும் உரிமை பிழை நேர்ந்த நாளில் மட்டுமே அருமையாகத் தோன்றும். அன்றியும், அப்படங்களின் குவியத்தை மாற்ற அந்நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். படங்களை உலகுக்குக் காட்டிவந்த அதன் இணையத்தளத்தின் சேவை 2017 இறுதியில் நிறுத்தப்பட்டது. தளத்தை நம்பி அங்கு மட்டும் படங்களை வைத்தவர் நிலை யாதாயிருக்கும்! காகிதத்தில் அச்சிட்ட மங்கற் படமோ பெட்டியின் அடியிற் கிடந்தாலும் நூறாண்டு கிடக்கும்.

கருத்து மட்டும் மாளவில்லை. அதனை வேறு வழிகளில் வளர்த்தோருள் நம் நாட்டாரும் உளர். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று 2002இல் பட்டம் பெற்ற அசோக் வீரராகவன், நாசிக்கிற் பிறந்த ரமேஷ் ராஸ்கர் முதலியோர் 2007இல் நுண்லென்ஸே இல்லாத வழியொன்றைக் கண்டனர். தகட்டின்முன் கண்ணாடித் தட்டுக்குப் பதிலாக, ஒளியை இடையிடையே மறைத்தும் விடுத்தும் நிற்கும் கோலம் அச்சிட்ட பிலிம் ஒன்றை வைத்தனர். வேப்பமர நிழலில் வெயில் புள்ளிபுள்ளியாக விழுமன்றோ? தகட்டின்மேல் அதுபோன்ற நிழல் விழும். ரேடியோ நிலையம் பேச்சொலியை வேறோர் அலையின்மேல் ஏற்றி அனுப்ப, வீட்டுப் பெட்டி அதைப் பிரித்தெடுப்பதுபோல, கதிர்களின் திசையை அந்நிழலின்மேல் ஏற்றிப் பின்னர்க் கணக்கினாற் பிரித்தெடுத்தனர். குவியத்தில் உள்ள பகுதிகளின் நுண்மை இம்முறையிற் குறைவதில்லை என்பது இதன் சிறப்பு. மறைப்பினால் ஒளி குறைவது இதன் விலை.

சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏ. என். ராஜகோபாலன், பம்பாய் ஐ.ஐ.டி.யின் சுபாசிஸ் சௌதுரியுடன் 1999இல் வெளியிட்ட நூல் மங்கலையே கருவியாக்கியது. ஒரே காட்சியை இரண்டு வேறு குவியங்களில் எடுத்தால், ஒவ்வொரு பொருளும் எவ்வளவு மங்கிற்று என்பதினின்று அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கணிக்கலாம் என்பது அதன் சாரம். நம்மிடம் இரண்டாம் படம் ஒன்று இருந்திருப்பின்! பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியரான கௌசிக் மித்ரா, வீரராகவனுடன் 2012இல் எழுதிய ஆய்வுரையில், இரு லென்ஸ் காமிராவினின்றே குவியம் மாற்றும் வழியையும் ஆராய்ந்துள்ளார்.

தேவதானத்துக்கு மேற்கே, சாஸ்தா கோயில் அருவியை ஒட்டி ஏறும் காட்டை அறிந்தோர்க்கு இன்னொரு பயனும் விளங்கும். அம்மலைத்தொடரில் 1988இல் அமைக்கப்பெற்ற சாம்பல் நிற அணில்களின் சரணாலயம் உண்டு. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அவ்வணில் மரவுச்சியில் இலைகளுக்கிடையே வாழ்வது. தானே குவியம் வைக்கும் காமிரா எப்பொழுதும் முன்னுள்ள இலையையே பற்றிக்கொள்ளும், அணில் மங்கிவிடும். ஸ்டான்போர்டில் 100 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, அனைத்தின் காட்சிகளையும் முன்சொன்னவாறு நகர்த்திக் கூட்டினர். புதருக்குப் பின் நின்ற மனிதர் தெளிவாகத் தெரிந்தனர். முன்னிருந்த இலைகளோ மெல்லிய புகையாய்க் கரைந்தன. ஒரு காமிராவுக்கு மறைந்த பகுதி மற்றொன்றுக்குத் தெரியுமாதலின் இஃது இயல்கின்றது. நூறு காமிராவை அருவிக்கரைக்குச் சுமந்து செல்வார் யார் என்பது வேறு கேள்வி.

கைப்பேசிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மாணவர் பலர் தம் கைப்பேசியிலேயே இவ்வசதி உண்டு என எண்ணுகின்றனர். 2017இல் வந்த கூகிள் பிக்ஸல் 2 என்னும் கைப்பேசியின் தகட்டில் ஒவ்வொரு நுண்கட்டமும் இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பாதி லென்ஸின் வலவாயிலையும் மறுபாதி இடவாயிலையும் நோக்கும். இரண்டே பக்கங்கொண்ட பேரேடு எனலாம். இரு காட்சிகளுக்கும் இடைத்தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆயினும் எது அருகில், எது தொலைவில் என்று காண அது போதும். அத்தொலைவைக் கண்டபின், பின்புலத்தைக் கைப்பேசி தானே மங்கலாக்குகின்றது. லென்ஸ் மிகச் சிறிதாதலின் முதலிற் கிடைக்கும் படத்தில் ஏறக்குறைய எல்லாம் தெளிவாகவே இருக்கும். பின்னர் ‘குவியம் மாற்றுவது’ என்பது தெளிவை நீக்குவதேயாகும். மங்கலினின்று தெளிவை மீட்பது அன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

சென்ற தை மாதம் மீண்டும் தேவதானம் சென்றோம். இம்முறை நம்முடன் வந்தவர் கல்லூரி அலுவலகத்தில் நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெறவிருந்த பெரியவர். அதே இடத்தில் அவரை நிறுத்தி, “அண்ணாச்சி, மூச்சை அடக்கிச் சற்று அசையாது நில்லுங்கள்” என வேண்டிக்கொண்டு, காமிராவை மும்முனைத் தாங்கியில் இருத்தி, குவியத்தை அருகிலிருந்து கோபுரம் வரை சிறிது சிறிதாக நகர்த்தி ஐந்து படங்கள் எடுத்தோம். ஒளிப்புலக் காமிரா இல்லாதார்க்குக் கைகொடுக்கும் பழைய உபாயம் இது. அசையாத பொருளுக்கே பொருந்தும். “ஒரு படத்துக்கு எதற்குத் தம்பி ஐந்து முறை?” என்று கேட்டார் அண்ணாச்சி. இரண்டாம் படத்தில் அவர் முகம் தெளிவாக விழுந்திருந்தது. ஐந்தாவதில் கோபுரம். மூன்றாவதில் அவர் சிரித்துவிட்டார். முகம் சற்றே மங்கல். கூட்டத்தில் மாட்ட மாணவர்கள் தேர்ந்தது அதனைத்தான்.